'தத்து இலவசம், வண்டிச் செலவு மட்டும் உங்களுடையது': வெளியூரிலிருந்து நாய் வரவழைப்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் இயங்குவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு 'விலங்கு மீட்புக் குழு' மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து வீடுகளுக்கு லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களைத் தத்துக் கொடுத்துவருகிறது. திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெண் லாப்ரடார் வந்தது. இரண்டு வயது, கருத்தடை செய்தது, தடுப்பூசி எல்லாம் முடிந்தது, வளர்த்தவர் வெளிநாடு போவதால் விட்டுவிட்டார் என்றார்கள். இதில் ஒன்றுகூட உண்மையில்லை.

பணத்தைத் தவணை முறையில் கறந்தார்கள். தத்துக்குக் கட்டணமே இல்லை என்றுதான் பேச்சு தொடங்கியது. முதலில் போக்குவரத்துக்கு 4,500 ரூபாய். அது போய்ச் சேர்ந்ததும் கூண்டுக்கு 1,800. பஸ் கிளம்பும் மாலையில் டிரைவருக்கு 700. மூன்றும் மூன்று வெவ்வேறு பெயர்களில் உள்ள யுபிஐ கணக்குகளுக்கு. ரசீது கேட்டதற்கு, 'டிரஸ்ட் பதிவு நடந்துகொண்டிருக்கிறது சார்' என்று பதில். கூடவே, ஓர் உயிரைக் காப்பாற்றிய புண்ணியம் உங்கள் குடும்பத்துக்கு என்று கைகூப்பும் படம் ஒன்றும் வந்தது. புண்ணியத்தின் விலை ஏழாயிரம்.

தங்கள் ஆள் காரில் கூடவே வருவார் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு பஸ்ஸின் எண்ணை மட்டும் அனுப்பினார்கள். விடியற்காலையில் மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் நிலையத்தில் கிளீனர் டிக்கியைத் திறந்தபோது, துணி பண்டல்களுக்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே கூண்டு செருகப்பட்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் இல்லை. விரித்திருந்த செய்தித்தாள் நனைந்து கூழாகிக் கிடந்தது. 'ஓசூர் தாண்டியதிலிருந்து சத்தமே இல்லை தம்பி, செத்துப்போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்' என்றார் கிளீனர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பார்சல் என்று கொடுத்ததை ஏற்றி வந்தார், அவ்வளவுதான்.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, நாயை நெடுந்தூரம் அனுப்பக் கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் ஏற்றிச் செல்பவர் மறுத்துவிட வேண்டும். கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும். எங்கள் நாய் 400 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்தது. சான்று என்று எதுவும் வரவில்லை.

வந்தது தடுப்பூசி அட்டை மட்டும். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் நாயைத் தொடுவதற்கு முன்பே அந்த அட்டையைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எல்லாப் பதிவுகளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. தடுப்பு மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் பேட்ச் எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள், இரண்டு வருடத்துக்கும் ஒரே எண். ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் 'பெண்' என்று எழுதியிருந்தது. வேறு ஏதோ ஒரு நாயின் அட்டை.

பிறகு நாயின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். முன்பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன, கடைவாயில் காரை. ஆறு வயதுக்குக் குறையாது என்றார். முலைக்காம்புகள் நீண்டு தொங்கின. முழங்கை இரண்டிலும் சிமென்ட் தரையில் வருடக்கணக்கில் படுத்த காய்ப்பு. கருத்தடை செய்த தழும்பு வயிற்றில் இல்லை, ஸ்கேனில் கருப்பை இருந்தது. காதுக்குள் உண்ணிகள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைந்து, உண்ணிக் காய்ச்சல் உறுதியானது. அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். 'இது வீட்டில் வளர்ந்த நாய் இல்லை. குட்டி போடவே வைத்திருந்த நாய்' என்றார்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு தாய் நாயை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. பதிவில்லாமல் கொட்டகையில் தொழில் நடத்துகிறவர்களுக்கு, ஈன்று ஓய்ந்த தாய் நாய் சோற்றுக்குத் தண்டம். விற்றால் விலை போகாது, தெருவில் விட்டால் பேச்சு வரும். 'மீட்பு' என்று பெயர் சூட்டி வெளியூருக்கு அனுப்பினால் செலவும் மிச்சம், கையிலும் ஏழாயிரம். பக்கத்து ஊர்க்காரனுக்குக் கொடுத்தால் நேரில் வந்து சட்டையைப் பிடிப்பான். தூரம் அவர்களுக்குப் பாதுகாப்பு.

நாயைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். எங்கள் செலவில் அனுப்ப வேண்டும், மேற்கொண்டு பராமரிப்புக்கு 6,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். மருத்துவ அறிக்கையை அனுப்பினேன். என் எண்ணை முடக்கிவிட்டார்கள். நாயைத் திருப்பி அனுப்பும் எண்ணம் பல்லைப் பார்த்த அன்றே போய்விட்டது, பதில் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளவே கேட்டேன்.

ஒழுங்கான குழுக்களை மதுரையிலும் பார்த்திருக்கிறேன், பெண் கொடுக்கிற வீட்டார்போலக் குடைந்து எடுப்பார்கள். சொந்த வீடா, வாடகையா, உரிமையாளர் சம்மதித்தாரா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடியில் கட்டிப்போடுவீர்களா என்று கேள்விமேல் கேள்வி. வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். உள்ளூரில் தெரிந்த தன்னார்வலர் ஒருவரை நேரில் அனுப்புவார்கள். தத்துப் பத்திரத்தில், வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள். போய்ப் பார்க்க முடியாத ஊருக்குத் தரமாட்டோம் என்று மறுக்கிறவர்களும் உண்டு. அப்போது எரிச்சலாக இருக்கும். என்னிடம் பெங்களூர்க் குழு கேட்டது இரண்டே இரண்டு: எந்த ஊர், எப்போது பணம் போடுவீர்கள்.

வெளியூர் நாய்தான் வேண்டுமென்றால் நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் நாயின் பல்லையும் வயிற்றையும் அட்டையின் ஸ்டிக்கர்களையும் காட்டச் சொல்லுங்கள். 'இப்போது வெளிச்சம் இல்லை' என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். டிரஸ்ட் பதிவு எண்ணைக் கேளுங்கள், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் ஆளோடு அனுப்புகிறோம் என்பதையும் நம்பாதீர்கள். பெரிய நாயை முதல் வகுப்பு ஏசியில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தால் கூட்டிப் போகலாம், இல்லையென்றால் பார்சல் அலுவலகம் வழியாக லக்கேஜ் வேனில்தான். நாயே இல்லாமல் படத்தை மட்டும் காட்டி, விமான நிலையக் காப்பீடு என்று பணம் பிடுங்கும் கூட்டம் தனி. அது முழுத் திருட்டு.

1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் பதிந்திருக்கிறேன். விசாரணை நடப்பதால் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே கதையோடு யாருக்காவது நாய் வந்திருந்தால், பணம் அனுப்பிய விவரம், அட்டையின் இரண்டு பக்கங்கள், டிக்கியில் இருந்த நிலையிலேயே எடுத்த கூண்டின் படம், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் வைத்துத் தனியாகப் புகார் கொடுங்கள். நான் கூண்டைப் படமெடுக்கும் முன்பே கிளீனர் அதை இறக்கி வைத்துவிட்டார். அந்த ஒரு படம்தான் என் புகாரில் இல்லை.