லாவெண்டர் பண்ணையா, தென்னந்தோப்பா: பிள்ளைகளைத் தேனீ பார்க்க எங்கே கூட்டிப் போவது?

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேனீ பார்க்க அழைத்துப் போகலாம் என்று பேச்சு எழுந்ததும், ஒரு மாணவியின் அம்மா கைப்பேசியில் காணொளி ஒன்றைக் காட்டினார். வரிவரியாக ஊதா நிற லாவெண்டர், நடுவே வெள்ளைத் தேனீப் பெட்டிகள், வலைத் தொப்பி போட்ட குழந்தைகள். "இந்த மாதிரி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர்" என்றார். ஆசைப்படுவதில் தவறே இல்லை. அதனால் அந்த யோசனையை ஒதுக்காமல், ராமநாதபுரத்தில் இருக்கும் எங்கள் கடற்கரைப் பள்ளியால் போக முடிந்த மற்ற இடங்களோடு வைத்துப் பார்த்தேன்.

லாவெண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. அதற்கு நல்ல குளிர்காலம் ஒன்று வேண்டும், நீர் தேங்காத, கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள மண் வேண்டும். ராமநாதபுரத்துப் புழுக்கத்தில் அதன் வேர் அழுகிவிடும். இந்தியாவில் அது பெரிய அளவில் விளைவது ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்தில், பதர்வா பக்கம். மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நறுமணத் திட்டத்தில் சேர்ந்து, மக்காச்சோளம் போட்ட நிலத்தில் லாவெண்டர் நட்டவர்கள் அங்கே நிறையப் பேர். 2022-இல் லாவெண்டர் திருவிழாவே நடத்தினார்கள்.

அந்தப் பண்ணைகளிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. செடி முழங்கால், இடுப்பு உயரம்தான். குழந்தை குனிந்தால் போதும், தேனீ பூவுக்குள் நாக்கை நீட்டுவது கண்ணுக்கு நேராகத் தெரியும். எங்கள் ஊர்த் தென்னம்பாளையை அப்படிப் பார்க்க முடியுமா? மலைப்பகுதிகளில் இருக்கும் குண்டு வண்டுத்தேனீயும் லாவெண்டருக்கு வரும். அதன் நாக்கு நீளம் என்பதால் ஒவ்வொரு பூவையும் சட்டென்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நம் சமவெளியில் அந்த இனம் கிடையாது.

அப்புறம் கணக்குப் போட்டேன். இங்கிருந்து ஜம்முவுக்கு ரயிலில் மட்டும் சுமார் மூன்று நாள், அதன்பின் மலைப்பாதை. பூக்கும் காலம் ஜூன், ஜூலை. அப்போதுதான் நமக்குப் பள்ளியே திறந்திருக்கும். செலவும் காலமும் கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் மனத்தை மாற்றியது வேறு. லாவெண்டரைப் பெரும்பாலும் குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். எண்ணெய் வடிப்பது பூவிலிருந்து. விதை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் விவசாயிக்கு ஒன்றுதான். அங்கே தேனீக்குத் தேன் கிடைக்கிறது, ஆனால் அந்த விளைச்சல் தேனீயை நம்பி இல்லை. 'தேனீ இல்லாவிட்டால் நமக்கு என்ன ஆகும்' என்ற பாடத்துக்கு லாவெண்டர் வயலில் பதில் இல்லை.

அடுத்தது கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். 1920களில் அங்கே தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் தேனீ வளர்ப்பை வீட்டுத் தொழிலாகப் பரப்பியது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்து தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களை ஏறக்குறைய துடைத்தெடுத்தபோது, அங்கே எத்தனையோ குடும்பங்களின் பெட்டிகள் காலியாகின. அதிலிருந்து மீண்டு வந்தவர்கள் அவர்கள். பெட்டி வேலை கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே ரப்பர் மரத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, இளந்தளிரின் காம்பில் ஊறும் இனிப்புச் சாற்றிலிருந்து வருகிறது. கேட்க அருமையான செய்தி. ஆனால் மகரந்தச் சேர்க்கையை முதல்முதலாகப் படிக்கிற பிள்ளையை அது குழப்பும். போக வர இரண்டு நாளும் ஆகும். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மார்த்தாண்டம் என்பேன்.

தொண்டிப் பக்கம் காரங்காடு நமக்குக் கூப்பிடு தூரம். வனத்துறை அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிற்கும் மூச்சுவேர், இலையில் உப்புப் பூத்திருப்பது, எல்லாம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். அலையாத்தியின் சின்ன மஞ்சள் பூவுக்கும் தேனீ வரும். ஆனால் பூ வருடம் முழுக்க இருக்காது. படகில் போகிறவர்களுக்கு நாரையும் கொக்கும் கண்ணில் படுகிற மாதிரி தேனீ படாது. காட்டைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் போக வேண்டிய இடம் அது.

சரி, தென்னந்தோப்பு. உச்சிப்புளியைச் சுற்றித் தோப்புக்குப் பஞ்சமில்லை. அங்கே பெட்டி வைத்திருக்கும் விவசாயி ஒருவரிடம் இரண்டு முறை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடும். நெட்டைத் தென்னையின் பாளையில் ஆண்பூக்கள் முதலில் மலர்ந்து கொட்டிவிடும், குரும்பையாகப் போகிற பெண்பூ பிறகுதான் தயாராகும். அதனால் பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தம்தான் வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவருவதில் காற்றோடு தேனீக்கும் பங்கு. விழுந்த பாளை ஒன்றைத் தரையில் விரித்து வைத்து அவர் இதைச் சொன்னபோது, வீட்டில் தினமும் தேங்காய் உடைக்கிற பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

தோப்பு வேலியோரம் முருங்கை நிற்கும். அதற்குத் தேனீயைவிடக் கருநிறத் தச்சுத்தேனீதான் நல்ல வேலைக்காரன். கத்தரிப் பூவிலும் அப்படியே. உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்க அதற்குத் தெரியும், பெட்டித் தேனீக்குத் தெரியாது. கோடையில் மற்றப் பூ குறையும்போது சீமைக்கருவேலம் தேனீக்குக் கைகொடுக்கிறது. வெட்ட வேண்டிய மரம் என்று பேசுகிற அதே வாயால் இதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும்.

போன முறை ஒரு பையன் சொன்னான், "எங்க ஐயா பதநீர் இறக்குறப்ப கலயத்துல தேனீ மிதக்கும் டீச்சர், எடுத்துப் போட்டுருவாங்க." சாயல்குடிப் பக்கத்துப் பனங்காட்டுப் பையன் அவன். இன்னொருத்தி, "கடலுக்குள்ள தேனீ போகுமா?" என்று கேட்டாள். கச்சான் காற்று பலமாக அடிக்கிற ஆனி, ஆடியில் தேனீ கரையிலேயே தடுமாறும் என்று தோப்புக்காரர் பதில் சொன்னார். காற்று பெயர் அவளுக்குத் தெரியும், அவள் அப்பா படகுக்காரர்.

தோப்பின் குறை ஏற்பாட்டில்தான். லாவெண்டர் பண்ணைகளில் வலைத்தொப்பி, பத்துப் பத்துப் பேராகப் பிரிப்பது, கண்ணாடி வைத்த பெட்டி என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். இங்கே அவற்றை நாமே கொண்டுவர வேண்டும். முதல் முறை ஒரு பிள்ளை வாழைப்பழம் தின்றுகொண்டே பெட்டிப் பக்கம் போய்விட்டான். கொட்டும் தேனீ விடுகிற எச்சரிக்கை வாசனையும் வாழைப்பழ வாசனையும் ஒரே மாதிரி. இரண்டு கொட்டு வாங்கினான். கொடுக்கைக் கிள்ளி இழுக்காமல் நகத்தால் சுரண்டி எடுத்தோம், சீக்கிரம் சரியாகிவிட்டது. அதிலிருந்து பழம், மல்லிகைப்பூ, வாசனை எண்ணெய், கருப்பு உடை எதுவும் கிடையாது. கொட்டினால் மூச்சுத் திணறும் பிள்ளை யாரும் உண்டா என்று வீட்டில் எழுதி வாங்குகிறேன். தேங்காய் நார்ப் புகை போட்டு, வேலைக்காரத் தேனீக்கள் தேனைக் குடித்து அமைதியான பிறகுதான் பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியிலும் ஆலமரத்திலும் தொங்குகிற மலைத்தேனீக் கூட்டுப் பக்கம் போகவே கூடாது.

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு அந்தத் தோப்பும் வேண்டாம். எங்கள் பழைய கட்டடத்துச் சுவர் விரிசலில் கொசுத்தேனீ இருக்கிறது. வாசலில் மெழுகும் பிசினும் சேர்ந்த சின்னக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டாது. முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, மகரந்த மூட்டையோடு உள்ளே போகிறவர்களை எண்ணலாம். பைசா செலவில்லை.

என் வரிசை இதுதான்: சின்னவர்களுக்குச் சுவர், நடுநிலை வகுப்புக்குத் தோப்பு, மேல்நிலைக்கு மார்த்தாண்டம். லாவெண்டர் காணொளியை நான் வகுப்பில் போட்டுக் காட்டுவேன், அந்த அம்மாவையும் உட்கார வைத்து. பூவுக்கு எவ்வளவு கிட்டே போகலாம், எப்படி அசையாமல் நிற்பது என்று அந்தக் குழந்தைகளிடம் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம்.

பொங்கல் முடிந்த வாரம் கிளம்புகிறோம். மழை ஓய்ந்து, மிளகாய்க் கொல்லையில் பூ இருக்கும், காற்றும் தணிவாக இருக்கும். அதற்கு முன்பே தோட்டத்துப் பூசணியில் நாளை மலரப்போகும் பெண்மொட்டு பத்தைப் பார்த்து, ஐந்துக்கு மட்டும் தேனீ நுழையாதபடி மாலையிலேயே மெல்லிய துணிப்பை கட்டச் சொல்லியிருக்கிறேன். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும், மறுநாள் கட்டினால் பயனில்லை. எந்தப் பிஞ்சு பருக்கிறது, எது மஞ்சளித்து உதிர்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு, அந்த நோட்டோடுதான் பேருந்தில் ஏற வேண்டும்.