உப்புவெளி வீட்டு ஹீட் பம்பும் அதைத் திருத்த வந்த இருவரும்

திருகோணமலையில் வெந்நீருக்கு ஓர் இயந்திரம் எதற்கு என்று கேட்காத உறவினர் எங்களுக்கு இல்லை. நகரிலிருந்து ஓட்டோவில் போய்வரும் தூரத்தில் கன்னியாவில் ஏழு கிணறுகள், ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட சூட்டில், மின்சாரம் எதுவும் கேட்காமல் ஊறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எண்பத்து நான்கு வயதுள்ள, முழங்கால் மடங்காத அம்மாவைத் தினமும் கன்னியாவுக்குக் கூட்டிச்செல்ல முடியாது. வாடை வீசும் மாதங்களில் கூரைத் தாங்கியிலிருந்து இறங்கும் காலைத் தண்ணீரை அவர் மேல் ஊற்றவும் மனம் வராது. அத்துடன் மேல்மாடியின் இரண்டு அறைகளைச் சித்திரை முதல் புரட்டாதி வரை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். இவற்றையெல்லாம் கணக்கிட்டு, நோர்வேயில் இருக்கும் தம்பியின் வற்புறுத்தலின் பேரில், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் காற்றின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் ஹீட் பம்ப் ஒன்றைப் பொருத்தினோம். நான் இங்கே எழுதுவது அந்த இயந்திரத்தைப் பற்றிய மதிப்புரை அன்று. அது பழுதுபட்டபோது எனக்குக் கிடைத்த இரண்டு விதமான திருத்தச் சேவைகளைப் பற்றியது.

எங்களுடையது 200 லீற்றர் தாங்கியும், வெளிச்சுவரோடு நிற்கும் பெட்டியும், இரண்டுக்கும் இடையே நீரைச் சுற்றவிடும் சிறிய பம்பும் கொண்ட அமைப்பு. பெட்டிக்குள் இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்துக் குளிர்வாயு ஓடும் குழாய்களின் மீது செலுத்துகிறது. காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகும் அந்த வாயுவைக் கொம்பிரசர் அழுத்திச் சூடாக்குகிறது. பின்னர் அது தகட்டு வெப்பமாற்றி ஒன்றில் தன் சூட்டை நீருக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. 28 பாகையில் இருக்கும் 200 லீற்றர் நீரை 55 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 6.3 யூனிற் வெப்பம் வேண்டும். சாதாரணச் சுருள் ஹீட்டர் அவ்வளவையும் மின்சாரமாகவே இழுக்கும்; எங்கள் இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போது இரண்டு யூனிற்றுக்கும் குறைவாகவே எடுக்கிறது, ஏனெனில் மிகுதியைக் காற்று தருகிறது. நம் ஊர்க் காற்றில் வெப்பத்துக்கு என்றுமே பஞ்சமில்லை.

சென்ற மாசி மாதம் முதல் நீர் சூடாகும் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாக எடுத்த வேலை ஐந்து மணித்தியாலமாகியது; பின்னர் பாதி வழியிலேயே கொம்பிரசர் நின்று, திரையில் உயரழுத்தத்துக்கான கோளாறு எண் தோன்றத் தொடங்கியது. பிரேக்கரை இறக்கி ஏற்றினால் அரைமணி நேரம் ஓடும், பிறகு மீண்டும் நிற்கும். நானும் சில நாட்கள் அவ்வாறு ஏற்றி இறக்கிக் காலத்தைக் கடத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது அறிவான செயலன்று.

முதலில் வந்தவர்கள் குளிரூட்டிகள் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றின் ஆட்கள். பெயர் வேண்டாம். வந்த இளைஞர் பெட்டியின் மூடியைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. "காஸ் குறைஞ்சு போச்சு ரீச்சர், அடிச்சா சரிவரும்" என்று சொல்லி, உருளையைக் குழாயில் மாட்டி, கையால் தடவிப் பார்த்தே வாயுவை ஏற்றினார். எங்கே கசிந்தது என்று கேட்டேன். நாலு வருசத்தில் தானாகவே குறையும் என்றார். மூடிய சுற்றில் ஓடும் வாயு தானாகக் குறையாது, கசிந்தால் மட்டுமே குறையும், கசிந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறையும் இருக்கும் என்பதை நான் பௌதிகவியல் கற்பித்த முப்பது ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று என் வீட்டு முற்றத்தில் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் இயந்திரம் முன்னிலும் விரைவாக நின்றது. மீண்டும் அழைத்தபோது, கட்டுப்பாட்டு போர்ட் போய்விட்டது, 65,000 ரூபாய் ஆகும் என்று தொலைபேசியிலேயே தீர்ப்பு வந்தது.

இரண்டாமவரை அலஸ்தோட்டத்தில் ஒரு விருந்தினர் விடுதியை நடத்தும் அக்கா அனுப்பிவைத்தார். தனி ஆள், மோட்டார் சைக்கிளில் இரண்டு கருவிப் பெட்டிகளோடு, சொன்ன நாளுக்கு மறுநாள் வந்தார். அவர் செய்த முதல் வேலை எனக்குப் பிடித்திருந்தது: எதையும் கழற்றாமல் கால் மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தார். நீர் உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் வெப்பமானி முனைகளைக் கட்டி, மேலே துணி சுற்றி, இரண்டையும் என்னிடம் காட்டினார். போகும்போது 41 பாகை, வரும்போது 54 பாகை. ஐந்து பாகைக்கு அண்மையில் இருக்க வேண்டிய வேறுபாடு பதின்மூன்றாக இருந்தது. "மெசினில பிழையில்லை ரீச்சர், தண்ணிதான் ஓடேல்லை" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் முழு விடயமும் அடங்கிவிடுகிறது. மூன்று கிலோவாற் வெப்பத்தை ஐந்து பாகை வேறுபாட்டில் எடுத்துச்செல்ல நிமிடத்துக்கு எட்டரை லீற்றருக்கு மேல் நீர் ஓட வேண்டும். ஓட்டம் அதில் பாதியாகவும் அதற்குக் கீழும் குறையும்போது வாயு தன் சூட்டை இறக்க வழியின்றித் தவிக்கிறது, அதன் வெப்பநிலை ஏறுகிறது, அத்துடன் அழுத்தமும் ஏறுகிறது, இறுதியில் கொம்பிரசரைக் காப்பதற்காக அழுத்த ஆளி அதை நிறுத்திவிடுகிறது. அப்படிப்பட்ட இயந்திரத்துக்குள் மேலும் வாயுவை ஏற்றுவது, மூச்சுத் திணறுகிறவருக்கு வயிறு நிறையச் சோறு ஊட்டுவது போன்றது. மறுநாளே அது விரைவாக நின்றதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு கழற்றத் தொடங்கினார். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியின் வலையை வெளியே எடுத்தபோது அதற்குள் மணலும், முட்டை ஓடு போன்ற வெள்ளைச் செதில்களும், நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் குழாய் பொருத்தியவர் விட்டுச்சென்ற வெள்ளை ரேப் துண்டுகளும் ஒன்றாக அமுங்கி ஒரு கட்டியாக இருந்தன. அதைக் கழுவிப் பூட்டியதும் வேறுபாடு ஒன்பது பாகைக்கு இறங்கியது. மிகுதித் தடை வெப்பமாற்றிக்குள் இருக்கிறது என்று சொல்லி, வால்வுகளை மூடி, ஒரு வாளியும் சிறு பம்பும் வைத்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சித்திரிக்கமிலக் கரைசலை அதற்குள் சுற்றவிட்டார். முதல் பத்து நிமிடம் வாளியின் மேற்பரப்பு சோடாவைப் போல நுரைத்தது. எங்கள் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூட்டில் உடைந்து காபனேற்றாக, அதாவது சுண்ணாம்பாக, தகடுகளில் படிந்திருந்தது. அமிலம் பட்டதும் அது காபனீரொட்சைட்டாக வெளியேறியது. வகுப்பறையில் சோதனைக் குழாயில் காட்டியதை வாளி அளவில் பார்ப்பது தனி இன்பம். இந்த வேலைக்கு மலசலகூடம் கழுவும் ஐதரோகுளோரிக்கமிலத்தை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்களாம். அது துருப்பிடிக்காத உருக்குத் தகட்டையே குழி விழ வைக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அப்பச்சோடாக் கரைசலாலும் நல்ல நீராலும் அலசினார். என்னிடம் எஞ்சியிருந்த நீலப் பாசிச்சாயத்தாளை நனைத்துப் பார்த்து, அது சிவக்காதபோதுதான் நான் குழாயைப் பூட்டச் சம்மதித்தேன். அவர் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை.

வாயுவின் விடயத்தில் அவர் காட்டிய நேர்மை தனியாகச் சொல்லத் தக்கது. உள்ளே இருந்த வாயுவை வெளியே திறந்துவிடாமல் மீட்பு இயந்திரத்தால் உருளைக்குள் உறிஞ்சி, தராசில் வைத்தார். எங்கள் பெட்டியின் தகட்டில் ஆர் 134ஏ, 900 கிராம் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தராசு காட்டியது 1,140 கிராம். அதாவது முதலில் வந்தவர்கள் ஏற்றியதால் தேவைக்கு மேல் கால் கிலோ அளவு வாயு உள்ளே இருந்தது. ஆனாலும் இணைப்புகளுக்கு நைதரசன் அழுத்தம் கொடுத்துச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார். பின்னர் வெற்றிடப் பம்பை நெடுநேரம் ஓடவிட்டு, சரியாக 900 கிராமை நிறுத்து ஏற்றினார். போர்ட் பழுது என்ற தீர்ப்பையும் அவர் மல்டிமீற்றரைக் கொண்டே தள்ளுபடி செய்தார்: நீரின் வெப்பநிலையை உணரும் சென்சரைக் கழற்றி அளந்தபோது அதன் மின்தடை 28 பாகையில் 8.7 கிலோ ஓம் காட்டியது, கையில் பொத்திப் பிடித்ததும் எண் இறங்கியது. 25 பாகையில் பத்துக் கிலோ ஓம் இருந்து, சூடேற ஏறக் குறைய வேண்டிய சென்சருக்கு அது மிகச் சரியான விடை. போர்ட்டைத் திறந்தபோது இரண்டு முனைகளுக்கு நடுவே காய்ந்த பல்லி ஒன்று கிடந்தது. அது இந்தப் பழுதுக்குக் காரணமில்லை என்றாலும் அடுத்ததற்குக் காரணமாகியிருக்கும் என்று சொல்லி, அதைக் குறட்டால் எடுத்தெறிந்துவிட்டு, வயர் நுழையும் துளையைச் சிலிக்கன் பூசி அடைத்தார்.

மாலையில் இயந்திரத்தை மீண்டும் ஓடவிட்டபோது நீரின் வேறுபாடு ஐந்து பாகை. ஆனால் மின்னழுத்தம் 230 வோல்ற்றுக்குப் பதிலாக 204 ஆக இருந்தது. அயலில் எல்லா வீடுகளிலும் அடுப்பும் குளிரூட்டியும் ஓடும் நேரம் அது. குறைந்த மின்னழுத்தத்தில் கொம்பிரசர் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும் என்பதால், நேரக் கட்டுப்பாட்டை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றிவைத்தார். அந்நேரம் காற்றும் மிகச் சூடாக இருப்பதால் மின்செலவும் குறைகிறது. இதை இயந்திரம் விற்றவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லியிருக்கலாம்.

இனிக் குறைகள். அவர் நேரந்தவறியவர், மூன்று முறை வந்ததில் ஒருமுறைகூடச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. உதிரிப்பாகம் எதையும் கையிருப்பில் வைத்திருப்பதில்லை. தாங்கிக்குள் துருவைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் மக்னீசியத் தண்டு கம்பியளவுக்குத் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார், ஆனால் புதியது கொழும்பிலிருந்து வந்துசேரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. நான் கேட்கும் வரை அளவீடுகளை எழுதித் தரவில்லை. அமிலக் கரைசலை என் மல்லிகைப் பந்தலின் அடியில் ஊற்றப் போனார், தடுத்து நிறுத்தினேன். கூலி, தண்டு நீங்கலாக, 26,500 ரூபாய். முதலாமவர்களுக்குக் கொடுத்த வீண் பணத்தோடு ஒப்பிடும்போது இது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஒரு முழுநாள் வேலையும் இரண்டு அரைநாள் வேலையும் இதில் அடங்கும்.

வீட்டில் நாங்களே செய்ய வேண்டியவற்றையும் அவர் சொல்லிவைத்தார். நம் கரையில் வாடை உப்பைக் கொண்டுவரும், கச்சான் புழுதியைக் கொண்டுவரும். இரண்டும் விசிறிக்குப் பின்னால் உள்ள அலுமினியத் தகடுகளில் படிந்து காற்றை மறிக்கும். எனவே மாதம் ஒருமுறை பிரேக்கரை இறக்கிவிட்டு, தோட்டக் குழாயின் மெல்லிய நீரால் அவற்றைக் கழுவுகிறோம். அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரம் கூடாது, தகடுகள் மடங்கிவிடும். வடிகட்டி வலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். தாங்கிக்குக் கிணற்று நீரை நிறுத்தி, கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீரை இணைத்துவிட்டோம். வெப்பநிலையை 55 பாகையில் வைத்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் 60 பாகையைத் தொட விடுகிறோம். அதிகச் சூட்டில் சுண்ணாம்பு விரைவாகப் படியும், குறைந்த சூட்டில் நின்ற நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். பெட்டியின் அடியில் நாள்தோறும் நீர் சொட்டுவது பழுதன்று, ஈரக் காற்று குளிர்ந்து விடும் வியர்வை. அதை அம்மா ஒரு வாளியில் பிடித்துக் குரோட்டன்களுக்கு ஊற்றுகிறார்.

தண்டு மாற்ற வந்த அன்று அவரைப் பக்கத்து வீட்டுக்கும் கூட்டிச்சென்றேன். அங்கே இருப்பது கடந்த ஆண்டு வாங்கிய புதிய இயந்திரம்; அதற்குள் இருப்பது ஆர் 290, அதாவது எரியக்கூடிய புரப்பேன். தகட்டைக் குனிந்து வாசித்தவர் எழுந்து, "இதின்ர காஸ் பக்கம் நான் தொடமாட்டன் ரீச்சர், இதுக்குரிய சாமான் என்னட்ட இல்லை" என்றார். வடிகட்டியை மட்டும் கழுவி, தகடுகளில் நீர் ஊற்றி, அதற்கு 2,000 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை நிலாவெளிப் பக்கம் திருப்பினார்.