தடுமாறும் கால்களுக்கு எது நல்லது: நீச்சல் குளமா, வீட்டுக் கூடமா?

மூட்டு தேய்ந்து, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு நடக்கும் பெரியவர்களுக்கு என் முதல் சிபாரிசு தண்ணீர்தான். வீட்டிலேயே செய்யும் ஒட்டாகோ பயிற்சியும் லேசுப்பட்டதல்ல. நியூசிலாந்தில் உருவானது, வாரம் 3 நாள், தடவைக்கு அரை மணி நேரம். கணுக்காலில் எடை கட்டித் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலை ஒட்ட நடப்பது என்று போகும். செலவும் அலைச்சலும் இல்லை. ஆனால் பயந்தவர் சமையல் மேடையைப் பிடித்த பிடி விடமாட்டார். கை விடாத வரை சமநிலைக்கு அங்கே வேலை குறைவு. குளத்தில் தடுமாறினால் உடம்பு மெல்லத்தான் சாயும். அதற்குள் காலை எடுத்து வைத்துச் சமாளித்துவிடலாம்.

இதில் பலர் கோட்டைவிடுவது ஆழத்தில். இடுப்பளவு நீரில் உடல் எடையில் சுமார் பாதி காலில் இறங்கும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒன்றுதான். அடுக்குமாடிக் குளம் 4 அடி என்றால், 5 அடி உயர அம்மாவுக்கு அது அக்குளுக்கும் மேலே வரும். குதிகால் எழும்பிவிடும், நடக்கிறேன் என்று மிதப்பார், கணுக்கால் சும்மா இருக்கும். அவருக்கு 3 முதல் 3½ அடி சரி. தொப்புளுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ். சந்தேகம் வந்தால் குதிகாலைப் பாருங்கள்: அழுந்தப் பதியாவிட்டால் ஆழம் அதிகம்.

முதலில் 5 நிமிடம் முன்னும் பின்னும் நடை, பிறகு பக்கவாட்டில். அடுத்து ஒற்றைக் காலில் 10 விநாடி. அது பழகியதும், துணைக்கு நிற்பவர் கையால் நீரைத் தள்ளி அலை எழுப்ப, அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். நீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். மார்கழியில் சூடேற்றாத குளத்தில் தசை இறுகிவிடும். அப்போது வீட்டுப் பயிற்சியே மேல்.

தண்ணீருக்குள் இருப்பதைவிட வெளியே வரும்போதுதான் ஆபத்து. எடை திரும்ப ஏறிக் கால் கனக்கும், தலை சுற்றும், தரையோ ஈரம். கடைசிப் படியில் ஒரு நிமிடம் நின்று ஏறட்டும். கைப்பிடி வைத்த படி இல்லாமல் செங்குத்து ஏணி மட்டும் உள்ள குளம் வேண்டாம். நீரின் அழுத்தத்தால் சிறுநீர் அதிகம் சுரக்கும். இறங்குமுன் கழிப்பறை, ஏறியதும் ஒரு டம்ளர் தண்ணீர்.

ஆறாத புண் இருந்தால் இறங்கக் கூடாது. வலிப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் உள்ளவர்களுக்கும் இதே அளவுகள் என்று சொல்ல மாட்டேன். பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

எலும்புக்குச் சுமை வேண்டும் என்பதில் நிலத்துக்கே வெற்றி. அதனால் பயம் தெளிந்து நீரில் கைபிடிக்காமல் நிற்க வந்ததும், வாரத்தில் ஒரு நாளைக் கூடத்துக்கு மாற்றுங்கள். மேடை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், கை மட்டும் அதன்மேல் வேண்டாம்.