ஜிப்சம் சுவர் ஓட்டை: மேலே பட்டி பூசி ஏமாற்றுகிறார்கள், பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

டிரைவால் என்கிற ஜிப்சம் பலகைச் சுவரில் ஓட்டை விழுந்து, அடைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் கதவுக் கைப்பிடி வேகமாக மோதி, உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. வந்தவர் ஒரே மதியத்தில் அடைத்து, பெயின்டும் அடித்து, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குப் பார்க்க நன்றாகவே இருந்தது. கொஞ்ச நாளிலேயே ஓட்டை இருந்த இடத்தைச் சுற்றி விரிசல் ஓடியது. விரலால் அழுத்தினால் சுவர் உள்ளே அமுங்கியது. போன் செய்து கேட்டேன். "உங்க சுவரே ஆட்டம் கொடுக்குது சார், என் வேலையில ஒண்ணும் குறை இல்ல" என்றார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

வேறொருவரை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தோம். ஓட்டைக்குள் கசக்கித் திணித்த செய்தித்தாள். அதன் மேல் வலை போன்ற மெஷ் டேப். அதன் மேல் டப்பாவில் கலந்தே வரும் ஜாயின்ட் காம்பவுண்ட் என்கிற பட்டிக் கலவை, ஒரே பூச்சாக, கனமாக அப்பியிருந்தது. தாங்குவதற்கு ஒரு மரத்துண்டுகூட இல்லை. உள்ளே கலவை சில இடங்களில் இன்னும் ஈரமாகவே இருந்தது.

இதை வெறும் அரைகுறை வேலை என்று விட என்னால் முடியவில்லை. செங்கல் சுவரில் பட்டி பார்த்தால் பின்னால் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. இதில் இருப்பது இரண்டு காகிதத்துக்கு நடுவே பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் மட்டும்தான். பின்னால் வெற்றிடம். தாங்கும் சட்டங்கள் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்று என்று நிற்கும். ஆணி அடித்த துளைக்குப் பட்டி மட்டும் போதும். உள்ளங்கை அளவு ஓட்டைக்குப் போதாது. சேதமான இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, உள்ளே மரத்துண்டு வைத்து நல்ல சுவரின் வழியாக ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். அதே தடிமனில் ஒரு பலகைத் துண்டை அந்த மரத்துண்டின் மேல் பொருத்த வேண்டும். பிறகுதான் டேப், கலவை எல்லாம். கலவையும் குறைந்தது மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக இழுத்து ஓரத்தைக் கரைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேடு தெரியும். தொழில் தெரிந்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. என்னிடம் பணம் வாங்கியவருக்கும் தெரியும்.

ஒரே நாளில் முடிப்பது என்றாலே ஏமாற்று என்று சொல்லவில்லை. தூளாக வரும் கலவை ஒன்று இருக்கிறது. தண்ணீர் சேர்த்ததும் வேதிமாற்றத்தால் இறுகும். 20, 45, 90 நிமிடம் என்று பையிலேயே போட்டிருக்கும். அதைக் கொண்டு ஒரே நாளில் அடுத்தடுத்த பூச்சு கொடுக்கலாம். மெஷ் டேப்புக்கு முதல் பூச்சாக அதுதான் பொருத்தமும்கூட. டப்பாக் கலவை அப்படியல்ல, நீர் ஆவியாகித்தான் காயும். ஒரு பூச்சுக்குப் பொதுவாக ஒரு நாள் விட வேண்டும். கனமாக அப்பினால் சுருங்கி வெடிக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமரும் அடிக்கவில்லை. கலவை பெயின்டை உறிஞ்சும் அளவு வேறு, பழைய சுவர் உறிஞ்சும் அளவு வேறு. அதனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

எனக்கு மிகவும் கோபம் வந்தது வேறு ஒன்றில். அந்தச் செய்தித்தாள் கசங்கி நின்றது மின்கம்பியை ஒட்டி. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். தீ பிடித்தால் அந்த நீர் ஆவியாகிச் சூடு பரவுவதைத் தாமதப்படுத்தும். அப்படிப்பட்ட சுவருக்குள், கம்பிக்குப் பக்கத்தில், காய்ந்த காகிதத்தைத் திணித்து மூடிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் குழந்தைகள் தூங்கும் அறை அது.

ஆகவே வேலைக்கு வருபவரிடம் முதலிலேயே கேளுங்கள்: "பின்னால் எதை வைத்துத் தாங்கப் போகிறீர்கள்?" மரத்துண்டு வைத்ததும், மூடுவதற்கு முன், நீங்களே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுக்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். முடிந்த பிறகு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் தெரிந்துவிடும். கடைசிப் பூச்சு காய்ந்து, பிரைமரும் பெயின்டும் ஆகும் வரை பணத்தில் ஒரு பகுதியைக் கையில் வைத்திருங்கள். ஓட்டையைச் சுற்றி ஈரமோ கறையோ இருந்தால் முதலில் கசிவை நிறுத்த வேண்டும். அப்படியே மூடினால் உள்ளே பூஞ்சை வளரும்.

அப்புறம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வரும் தூசு. கலவையில் சிலிக்கா என்கிற, நுரையீரலுக்குக் கெடுதலான தூள் இருக்கலாம். அறையை மூடி, முகமூடி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். பழைய வீடு என்றால் இன்னும் கவனம்: ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் ஆபத்தான நார்) கலந்த பட்டிக் கலவைகளை அமெரிக்காவில் 1977-ல்தான் தடை செய்தார்கள். பரிசோதிக்காமல் யாரையும் தேய்க்க விடாதீர்கள்.

பிரித்தபோது எடுத்த படங்களை முதலில் வந்தவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.