நாலு வருடம், 41,000 கிலோமீட்டர்: வீட்டில் கட்டிய என் வைராகோ பாபர்

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டு போர்ச்சில் உட்கார்ந்து கட்டிய மோட்டார் சைக்கிள் இது. பாபர் என்றால் தாழ்வான ஒற்றை சீட்டும் குட்டை மட்கார்டும் வைத்த பாணி. மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து, பாலம் தாண்டி, பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய்வர தினமும் இதைத்தான் எடுக்கிறேன்.

யமஹா வைராகோ 250-ஐ எடுத்ததற்கு முதல் காரணம் என் பி2 லைசன்ஸ். 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது. அந்த அளவுக்குள் வி-ட்வின் எஞ்சின் (இரண்டு சிலிண்டர் ‘V’ வடிவில் நிற்பது) அபூர்வம். சீட் உயரமும் 685 மில்லிமீட்டர்தான். பாபருக்கு வேண்டிய தாழ்வு பிறவியிலேயே இருக்கிறது. சட்டகத்தை வெட்டி வெல்டிங் அடித்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிரச்சினை வரும் என்பதால், போல்ட்டில் மாட்டுகிற கிட்டாகப் பார்த்து வாங்கினேன். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், குட்டையான பின் மட்கார்டு, பின் ஷாக் (அதிர்வு தாங்கி) இரண்டையும் கழற்றிவிட்டு அங்கே மாட்ட இரண்டு இரும்புத் தண்டுகள். மூன்று சனி ஞாயிறில் வேலை முடிந்தது.

அந்தத் தண்டுகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. பின் சக்கரத்திலிருந்து ஹேண்டில் வரை ஒரே கோடு. ஆனால் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். 2019-லிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, சந்தோஷம். பாலத்தின் ஒவ்வொரு எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டும் (இணைப்பு இடைவெளி) முதுகுத்தண்டில் நேராக இறங்கியதே, அதை என்ன சொல்ல! சீட் ஸ்பிரிங் என் எடையை மட்டும்தான் தாங்கும். சக்கரம் வாங்குகிற அடி சட்டகத்துக்கும் சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளுக்கும்தான் போகும். ஆறாவது மாதம் பின் விளக்கு பல்பு மூன்றாவது முறை போனது. பட்டறை அண்ணே சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சின்ன ஸ்பேனரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். நல்ல கம்பி ‘டிங்’ என்று பாடியது. ஏழு கம்பிகள் ‘டொக்’ என்றன. “தம்பி, இதோட பாலத்துல ஏறாதே,” என்றார். அன்றே பழைய ஷாக்கை மாட்டச் சொல்லிவிட்டேன். மாட்டிய பிறகு செயின் தொய்வை மறுபடி சரிபார்க்க வேண்டும். தண்டில் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கை) அசையாது, ஷாக்கில் அசையும். கோடு கொஞ்சம் உடைந்தது. எனக்கு வருத்தமே இல்லை.

கிட் விற்றவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவர்கள் கொடுத்த போல்ட் தலையில் 8.8 என்ற பலத் தர முத்திரையே இல்லை. கடல் காற்றில் ஒரே வருடத்தில் துரு ஏறி, ஒன்று கழற்றும்போதே முறிந்தது. பாரம் தாங்கும் இடத்துக்கெல்லாம் முத்திரை உள்ள போல்ட்டை ஹார்ட்வேர் கடையில் வாங்கி, திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டு முடுக்கினேன். வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் போல்ட்டைப் பாருங்கள்.

குட்டை மட்கார்டு மழையில் சட்டை முதுகெல்லாம் சேறு அடிக்கும். இரண்டு அங்குலம் கீழே இறக்கி மாட்டியதும் பாதி குறைந்தது. முன் மட்கார்டைக் கழற்றவே இல்லை.

எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும். பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் 90-க்கு மேல் திணறும். பாலிக் புலாவ் மலை வளைவுகளில் மூன்றாவது கியரில் அது ஏறும் சத்தத்துக்காகவே ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். அடுத்த மாதம் பின் டிரம் பிரேக் ஷூவையும் செயினையும் மாற்றுகிறேன்.