ஏரியா, கடலா? சென்னைக்கு எது கை கொடுக்கும்?

2019 ஜூன்ல செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சே, அதுலேர்ந்து "ஏரிய நம்பாதீங்க, இனிமே கடல் தண்ணிதான்"னு நெறைய பேர் சொல்றாங்க. சரி, கணக்கு போட்டுப் பாப்போம்.

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் ரொம்பினா 11,257 மில்லியன் கன அடி, செலவும் கம்மி, மழை பெஞ்சா தானா வந்து நிக்குது, ஆனா வடகிழக்குப் பருவமழை காலை வாரிட்டா அவ்ளோதான், மிச்சம் இருக்குறதையும் சித்திரை வெயில் உறிஞ்சிடும்.

நெம்மேலில கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்தி தினம் 10 கோடி லிட்டர் குடுக்குற பழைய பிளான்ட் இருக்குல்ல, அது ஒரு வருஷம் நிக்காம ஓடுனா கிட்டத்தட்ட 1,290 மில்லியன் கன அடி, அதாவது ரொம்பி நிக்கிற சோழவரத்தை விட ஜாஸ்தி! வானத்தைப் பாத்துட்டு நிக்க வேணாம். கரன்ட்தான் இடிக்குது, ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் இழுக்கும். மிச்சமாகுற கெட்டி உப்புத்தண்ணி திரும்ப கடலுக்கே போகுது, மீனவங்க கோவப்படுறதுல நியாயம் இருக்கு.

என்னைக் கேட்டா ஏரிதான் முதல்ல. தூர் வாராம விட்டுட்டு மிஷினுக்கு காசு கொட்டுறது எனக்குப் புரியல. கடல் பிளான்ட் ஸ்டெப்னி மாதிரி இருக்கட்டும், ஆனா நல்ல மழை வருஷத்துல கூட சும்மா மூடிப் போடக் கூடாது, உப்பை வடிகட்டுற மெம்பரேன் வீணாப் போயிடும், கொஞ்சமாவது ஓட்டிட்டே இருக்கணும்.