அப்பாவின் காசநோய்க்கு வாங்கிய வைட்டமின்கள்: எதற்கு ஐந்து ஸ்டார்?

அப்பாவுக்குப் போன வருடம் நுரையீரல் காசநோய். ஆறு மாத கோர்ஸ், மருந்தெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனாலும் ஆள் பாதியாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு 680 ரூபாய்க்கு ஒரு மல்டிவைட்டமின் டப்பாவும், வாரம் ஒன்று பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டும் வாங்கினேன். இதுபோக ஆஸ்பத்திரியிலேயே தந்த பைரிடாக்சின், அதாவது பி6, 10 மில்லிகிராம்.

அந்தக் குட்டி பி6 மாத்திரைக்குத்தான் ஐந்து ஸ்டார். காசநோய்க் கிருமியைக் கொல்கிற ஐசோநயாசிட், உடம்பிலுள்ள பி6-ஐயும் வேலை செய்ய விடாது, அதனால் நரம்பு பாதிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம், அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. "இத்தனை மாத்திரையில் இது எதற்கு" என்று அதை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருமுனையிலிருந்து வாசல்வரை நடந்து வந்தார். ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுப்பார். டாக்டர் பி6 அளவைக் கூட்டிக் கொடுத்தார், ஒரு மாதத்தில் எரிச்சல் நன்றாகவே குறைந்தது.

வைட்டமின் டி-க்கு ஒரு ஸ்டார். வேலூரில் 247 காசநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது: மருந்தோடு ஒரு லட்சம் யூனிட் வீதம் நான்கு தடவை கொடுத்துப் பார்த்தார்கள், சளியில் கிருமி மறைய டி எடுத்தவர்களுக்கு 43 நாள், எடுக்காதவர்களுக்கு 42. இதை முன்பே படித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

மல்டிவைட்டமின் பசியைத் தூண்டும் என்றார் கடைக்காரர், அப்படி எதுவும் நடக்கவில்லை. சரியாகச் சாப்பிடாதவருக்கு வைட்டமின் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நடந்த பெரிய ஆய்விலும் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள், ஆனால் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்த்து. இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்ததாம். அதைப் படித்த பிறகு டப்பாவை நிறுத்திவிட்டு, அரசு மாதம் போடுகிற 1,000 ரூபாயில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினோம், எடை அப்புறம்தான் ஏறியது.

ஒரு விஷயம், எங்களுக்கு ஒருமுறை பி6 ஸ்டாக் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்னால் அடுத்த மாதம்வரை காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி அன்றைக்கே வெளியில் வாங்கிவிடுங்கள்.